ஒரே அலுமினியம், ஐந்து வேலை: புக்கிட் மின்யாக் பட்டறை ஒன்றில் உலோகத் தெரிவு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

பினாங்கின் பெருநிலப் பகுதியில், புக்கிட் மின்யாக் தொழிற்பேட்டையில் இயங்கும் நடுத்தர அளவிலான சி.என்.சி. (கணினி இயக்கும் உலோக வெட்டு) பட்டறை ஒன்று, தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸில் உள்ள இயந்திரத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றுக்குப் பல ஆண்டுகளாக உதிரிபாகங்கள் செய்து கொடுத்து வருகிறது. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கப்பட்டதிலிருந்து குறைகடத்தித் தொழிலும் அதற்கு இயந்திரம் செய்யும் தொழிலும் இங்கே சேர்ந்தே வளர்ந்தன; தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தின் இந்தப் பக்கம் உள்ள இத்தகைய பட்டறைகள்தாம் அந்த இயந்திரங்களின் உடற்பாகங்களைச் செதுக்குகின்றன. அங்கே வேலை செய்பவர்களில் தமிழர்கள் கணிசமானோர்.

இந்த ஆய்வுக்குரிய வேலை, சில்லுகளை எடுத்துச் சோதனைச் சாக்கெட்டில் வைத்து, சோதனை முடிந்ததும் தரம் பிரித்துப் போடும் டெஸ்ட் ஹேண்ட்லர் வகை இயந்திரம் ஒன்றின் முதல் மாதிரிக்கான பாகங்கள். அவற்றுள் ஐந்து பாகங்கள் இங்கே முக்கியம்: எல்லாவற்றையும் தாங்கும் அடித்தகடு, சில்லை ஏந்திக்கொண்டு விரைந்து நகரும் கை, அந்தக் கையின் நுனியில் சில்லைப் பற்றும் விரல், சில்லை 125 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும் தகடு, வெளியே மாட்டும் மூடி. ஐந்தின் வரைபடத்திலும் உலோகத்துக்கான கட்டத்தில் ஒரே குறிப்புதான் இருந்தது: அலுமினியம் 6061. டெம்பர் (வெப்பப் பதம்) என்ன, உருட்டிய தகடா வார்ப்புத் தகடா, எந்தத் தரநிலைப்படி என்ற விவரம் எதுவும் இல்லை.

இதை யாருடைய கவனக்குறைவு என்றும் சொல்லிவிட முடியாது. 6061 நல்ல உலோகம். எளிதில் கிடைக்கும், நன்றாக வெட்டுப்படும், அனோடைசிங் எனப்படும் பாதுகாப்பு ஆக்சைடுப் பூச்சு நன்றாக ஏறும், விலையும் நியாயமானது. ஆகவே வடிவமைப்பாளர்கள் யோசிக்காமலே அதை எழுதிவிடும் பழக்கம் எங்கும் உண்டு. பெரும்பாலான வேலைகளில் அது சிக்கலின்றி முடிந்துவிடுவதால் அந்தப் பழக்கம் கேள்விக்கு உள்ளாவதுமில்லை. நான் இந்த வேலையில் உலோகத் தெரிவு பற்றி ஆலோசனை சொல்ல வெளியிலிருந்து அழைக்கப்பட்டவன். நான் உள்ளே வந்தபோது முதல் தொகுதி அடித்தகடுகள் ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டிருந்தன.

முதலில் கண்டவை

அடித்தகடு 620 மி.மீ. நீளமும் 420 மி.மீ. அகலமும் கொண்டது. 25 மி.மீ. பருமனுள்ள தகட்டிலிருந்து 20 மி.மீ.க்குச் சீவி, மேல் முகத்தில் மட்டும் 12 மி.மீ. ஆழத்துக்குப் பல குழிவுகள் வெட்டவேண்டும். தகடு முழுவதும் சமதளத்தில் 0.05 மி.மீ.க்கு மேல் விலகக்கூடாது என்பது நிபந்தனை. முதல் தொகுதியில் பன்னிரண்டு தகடுகள் செய்யப்பட்டு, ஒன்பது திரும்பி வந்தன.

திரும்பி வந்தவற்றைக் கிரானைட் மேசையில் குழிவுகள் மேல்நோக்கி இருக்குமாறு வைத்து, ஒரு மூலையை விரலால் தொட்டபோதே தகடு ஆடியது. எதிர் மூலை எழுந்து மீண்டும் கல்லில் இறங்கும் சத்தம் கேட்டது. நான்கு மூலைகளிலும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.25 மி.மீ. இதழ் தடையின்றி நுழைந்தது. சில தகடுகளில் 0.35 இதழும் நுழைந்தது. எல்லாத் தகடுகளும் ஒரே திசையில் வளைந்திருந்தன, அதாவது குழிவு வெட்டிய முகம் உள்வாங்கியும் அடிமுகம் புடைத்தும் இருந்தன என்பதுதான் என் கவனத்தை முதலில் ஈர்த்தது. மொட்டையான கட்டரோ தவறான பிடிப்போ காரணமாக இருந்தால் வளைவு தகட்டுக்குத் தகடு மாறியிருக்கும்.

பட்டறையின் சொந்த அளவீட்டுத் தாளில் எல்லாத் தகடுகளும் தேறியிருந்தன. அந்த அளவீடு, தகடு இயந்திரத்தில் இறுகப் பிடித்திருந்த நிலையிலேயே எடுக்கப்பட்டது. பொய்யான அளவீடு அன்று. பிடித்திருந்தபோது தகடு உண்மையிலேயே தட்டையாக இருந்தது.

மில்லிங் இயந்திரத்தை ஓட்டிய இளைஞர் இதை ஏற்கெனவே கண்டுகொண்டிருந்தார். மூத்த மெஷினிஸ்டிடம் அவர் சொன்னது இதுதான்: "அண்ணே, வெட்டும்போது ஒன்னும் ஆகல. கழற்றும்போதுதான் வளையுது." மூத்தவர் அதைத் தட்டிக்கழிக்காமல், அடுத்த தகட்டைக் கழற்றுமுன் அதன் நடுவிலும் ஒரு மூலையிலும் டயல் கேஜ் வைத்துக் காட்டச் சொன்னார். கடைசிப் பிடிப்பு போல்ட்டைத் தளர்த்தியபோது மூலையில் இருந்த முள் மெதுவாக ஏறி 0.3 மி.மீ.யைத் தாண்டி நின்றது. நான் பார்த்த சான்றுகளில் இதைவிடத் தெளிவானது வேறில்லை.

வாடிக்கையாளரின் யோசனை

இதற்கிடையே வாடிக்கையாளர் தரப்புப் பொறியாளர் ஒரு தீர்வை எழுதி அனுப்பியிருந்தார்: அடித்தகடு, நகரும் கை, பற்றும் விரல் மூன்றையும் இன்னும் வலிமையான அலுமினியக் கலவையான 7075-டி6க்கு மாற்றிவிடலாம். 6061-டி6 நிரந்தரமாக வளையத் தொடங்கும் வலிமை, பட்டறையில் யீல்டு என்று சொல்வது, சுமார் 276 மெகாபாஸ்கல். 7075-டி6இல் அது சுமார் 503. ஏறத்தாழ இரு மடங்கு. வளைவதுதான் பிரச்சினை என்றால் வளையாத உலோகத்தைப் போடுவது என்ற வாதம் முதல் பார்வைக்கு நியாயமாகவே பட்டது. பட்டறை உரிமையாளருக்கும் மறுப்பு இல்லை. அன்று கிடைத்த விலைப்புள்ளியில் 7075 தகடு 6061ஐப் போல் இரு மடங்குக்கு மேல் இருந்தது; அந்தக் கூடுதல் செலவை வாடிக்கையாளரே ஏற்பதாகச் சொல்லியிருந்தார்.

நான் இரண்டு காரணங்களுக்காக இதை நிறுத்திவைக்கக் கேட்டேன். முதலாவது, அடித்தகட்டை எந்தச் சுமையும் வளைக்கவில்லை. அது தாங்கும் எடையைக் கணக்கிட்டபோது தகட்டில் எழும் உச்ச தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பில் எழும் உள்விசை, 10 மெகாபாஸ்கலைக்கூட எட்டவில்லை. 276 போதாமல் 503 தேவைப்படும் இடமே அது அன்று. இரண்டாவது, நகரும் கை விரைந்து நிற்கும்போது அதிர்ந்த பிரச்சினைக்கும் வலிமைக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தோன்றியது. அதைப் பின்னர் விளக்குகிறேன்.

தகட்டுக்குள் இருந்தது என்ன

6061 என்ற எண் உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கின்றன என்பதை மட்டுமே சொல்கிறது: மக்னீசியம் 0.8 முதல் 1.2 விழுக்காடு, சிலிக்கான் 0.4 முதல் 0.8 விழுக்காடு, சிறிதளவு தாமிரமும் குரோமியமும். அந்தக் கலவைக்கு என்ன வெப்பப் பதம் கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்வது டெம்பர். மென்மைப்படுத்திய 6061-ஓ சுமார் 55 மெகாபாஸ்கலிலேயே வளைந்துவிடும். அதே கலவை டி6 நிலையில் ஐந்து மடங்கு தாங்கும். 1906இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம், சூடாக்கிக் குளிர்வித்த ஓர் அலுமினியக் கலவை சில நாள் கழித்துத் தானாகவே கடினமாகியிருந்ததைக் கண்டதிலிருந்து தொடங்கியது இந்த அறிவு. எனவே டெம்பரை எழுதாமல் கலவை எண்ணை மட்டும் எழுதுவது, தேவையைப் பாதி சொல்லி மீதியை விற்பவர் கையில் விட்டுவிடுவதாகும்.

டி6 பெற, தகட்டை ஏறத்தாழ 530 டிகிரி வரை சூடாக்கி நீரில் திடீரெனக் குளிர்விக்கிறார்கள். பிறகு 160 டிகிரிக்கு மேலான மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்திருக்கிறார்கள். திடீர்க் குளிர்ச்சியில் தகட்டின் மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது, உட்பகுதி பின்னர் குளிர்ந்து சுருங்க முயல்கிறது. விளைவாக மேற்பரப்பு அமுக்கப்பட்ட நிலையிலும் உட்பகுதி இழுக்கப்பட்ட நிலையிலும் நின்றுவிடுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்வதால் தகடு வெளியே தட்டையாகத் தெரிகிறது. நான்கு பக்கமும் சமமாக இழுத்துக் கட்டிய பந்தலில் ஒரு பக்கக் கயிறுகளை மட்டும் அவிழ்த்தால் கால்கள் மறுபக்கம் சாய்வதுபோல, ஒரு முகத்தின் அமுக்கப்பட்ட தோலை மட்டும் சீவி எடுத்துவிட்டால் சமநிலை குலைகிறது. சீவிய முகம் சுருங்கி, தகடு அந்தப் பக்கம் உள்வாங்குகிறது. கிரானைட் மேசையில் கண்ட வளைவின் திசை இதனோடு அப்படியே ஒத்துப்போனது.

டி651 என்பது இதற்காகவே உள்ள டெம்பர். குளிர்வித்த பின், சூட்டில் பதப்படுத்துமுன், தகட்டை நீளவாக்கில் 1.5 முதல் 3 விழுக்காடு வரை இழுத்து நீட்டுகிறார்கள். அந்த நீட்சி, இப்படித் தகட்டுக்குள் நின்றுவிட்ட தகைவில் (உள்தகைவில்) பெரும்பகுதியைக் கரைத்துவிடுகிறது. வலிமை ஏறத்தாழ மாறுவதில்லை.

பட்டறையின் வாங்குதல் பிரிவில் இருந்த கோப்பைத் திறந்து பார்த்தபோது, கொள்முதல் ஆணையிலும் 6061 என்று மட்டுமே இருந்தது. உலோக ஆலையின் சான்றிதழில் டி6 என்றும், ஜப்பானியத் தரநிலையான ஜே.ஐ.எஸ். எச் 4000 என்றும் அச்சாகியிருந்தன. அந்தத் தரநிலையில் டி6, டி651 இரண்டும் தனித்தனி வகைகள். விற்றவர் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனெனில் பல தரக் கட்டுப்பாட்டு அறைகளில் இதைப் பற்றித் தவறான நம்பிக்கை இருக்கிறது. கலவையைச் சோதிக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் டி6 தகட்டையும் டி651 தகட்டையும் வைத்தால் இரண்டும் ஒரே விடை தரும். கடினத்தன்மைச் சோதனையிலும் இரண்டும் பிரினெல் அளவில் 95 அளவில்தான் நிற்கும். கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. ஆவணத்தைப் படிக்காவிட்டால், பட்டறையில் வெட்டிப் பார்த்துத்தான் அறியமுடியும்.

வெட்டிப் பார்த்த சோதனை

மீதமிருந்த டி6 தகடு ஒன்று, புதிதாக வரவழைத்த 6061-டி651 தகடு ஒன்று, மக்னீசியம் மிகுந்த 5083 கலவையின் வார்ப்புத் தகடு ஒன்று ஆகிய மூன்றையும் ஒரே அளவில் அறுத்து, ஒரே கட்டர், ஒரே வேகம், ஒரே குளிர்விப்பு நீரில், ஒரு முகத்தில் மட்டும் 3 மி.மீ. சீவினோம். கழற்றி, ஓர் இரவு அறை வெப்பத்தில் விட்டு, மறுநாள் காலை அளந்தோம். டி6 தகடு 0.22 மி.மீ. வளைந்திருந்தது. டி651 தகடு 0.06. வார்ப்புத் தகடு 0.02. பிறகு டி6 தகட்டைத் திருப்பிப் போட்டு மறுமுகத்திலும் 3 மி.மீ. சீவியபோது வளைவு 0.06க்கு இறங்கியது, இரு முகத்துத் தோலும் சமமாக நீங்கியதும் சமநிலை பெரும்பாலும் திரும்பிவிட்டது. மூன்று தகடுகளை மட்டுமே கொண்ட சோதனை என்பதால் இந்த எண்களைப் பொது விதியாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். ஆனால் காரணம் உள்தகைவு என்பதை நிறுவ இது போதுமானது.

இந்தச் சோதனைக்கு வாடிக்கையாளர் பொறியாளரும் வந்திருந்தார். டி6 தகடு மறுமுகம் சீவப்பட்டதும் நிமிர்ந்ததை நேரில் கண்ட பிறகு, அடித்தகட்டுக்கு 7075 வேண்டும் என்ற கோரிக்கையை அவரே விலக்கிக்கொண்டார். 7075உம் அதேபோல் சூடாக்கி நீரில் குளிர்விக்கப்படும் உலோகம்தான். நீட்டப்படாத டி6 நிலையில் வாங்கியிருந்தால், அதன் வலிமை அதிகம் என்பதாலேயே அதிக உள்தகைவைத் தாங்கி வைத்திருந்து, இதைவிட மோசமாக வளைந்திருக்கக்கூடும்.

அடித்தகடு பற்றிய முடிவு

தெரிவு 6061-டி651க்கும் 5083 வார்ப்புத் தகட்டுக்கும் இடையே வந்து நின்றது. டி651ஐத் தேர்ந்தால் இரு முகத்தையும் மாற்றி மாற்றி முரட்டு வெட்டாகச் சீவி, ஓய்வாக விட்டு, பிறகு இறுதி வெட்டு போடவேண்டும். மாதிரித் தகடு ஒன்றை அப்படிச் செய்து பார்த்தபோது 0.06 முதல் 0.09 மி.மீ. வரை வந்தது, நிபந்தனைக்கு அருகில் வந்தாலும் உள்ளே வரவில்லை. குழிவுகள் எல்லாம் ஒரே முகத்தில் இருந்ததே காரணம்.

வார்ப்புத் தகடு உருட்டப்படுவதில்லை, நீரில் திடீரெனக் குளிர்விக்கப்படுவதுமில்லை. வார்த்து, சூட்டில் நிதானப்படுத்தி, இரு முகமும் ஆலையிலேயே சீவி வருகிறது. யீல்டு வலிமை 110 முதல் 130 மெகாபாஸ்கல்தான், அதாவது 6061-டி6இல் பாதிக்கும் குறைவு. வலிமை அட்டவணையை மட்டும் பார்ப்பவர் இதைத் தொடவே மாட்டார். ஆனால் 10 மெகாபாஸ்கலுக்கும் குறைவாகத் தகைவு எழும் தகட்டுக்கு 110 தாராளம். இந்தப் பாகத்துக்குத் தேவைப்பட்ட பண்பு வடிவம் மாறாமை. அடித்தகட்டுக்கு வார்ப்புத் தகடு என்று முடிவாயிற்று.

அந்த முடிவோடு இரண்டு காப்புகளைச் சேர்த்தோம். அடிக்கடி கழற்றி மாட்டப்படும் எம்4 திருகுத் துளைகளில் எஃகுக் கம்பிச்சுருள் இன்சர்ட் போடுவது. மென்மையான உலோகத்தில் மரை சீக்கிரம் தேய்ந்துவிடும். வரைபடத்தில் 5083 என்று மட்டும் எழுதாமல், 5083 வார்ப்புத் தகடு, உள்தகைவு நீக்கியது, இரு முகமும் சீவியது என்று முழுவதும் எழுதுவது. வெறும் 5083 என்றால் கப்பல் கட்ட உதவும் உருட்டுத் தகடு வந்து சேரலாம், அதன் நடத்தை முற்றிலும் வேறு.

நகரும் கை

கையின் குறை வேறு விதமானது. சில்லை எடுத்துக்கொண்டு விரைந்து சென்று நிற்கும்போது நுனி சிறிது நேரம் அதிர்ந்தது. அதிர்வு அடங்கும்வரை இயந்திரம் காத்திருக்கவேண்டியிருந்ததால் மணிக்கு எத்தனை சில்லு என்ற கணக்கு குறைந்தது. இதற்கும் 7075ஐக் கேட்டார்கள்.

ஒரு கை எவ்வளவு வளையும் என்பதை நிர்ணயிப்பது அதன் விறைப்பு. அதற்குரிய உலோகப் பண்பு யங் குணகம். 6061இல் அது சுமார் 68.9 ஜிகாபாஸ்கல், 7075இல் 71.7. வேறுபாடு வெறும் 4 விழுக்காடு. அந்த 4 விழுக்காட்டையும் எடை விழுங்கிவிடுகிறது: 6061இன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.70 கிராம், 7075இன் அடர்த்தி 2.81 கிராம். அதிர்வெண், குணகத்தை அடர்த்தியால் வகுத்த ஈவின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது. இரண்டு உலோகங்களுக்கும் அந்த ஈவு ஏறத்தாழ 25.5. அதாவது, அதே வடிவத்தில் 7075 கை செய்து மாட்டினால் பணம் இரட்டிப்பாகும், அதிர்வு அப்படியே இருக்கும். இந்தக் கணக்கை வெள்ளைப்பலகையில் எழுதிக் காட்டியபோது கூட்டத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. வலிமையும் விறைப்பும் ஒன்றே என்ற எண்ணம் அனுபவமுள்ள பொறியாளர்களிடமும் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதை நான் அன்று மீண்டும் கண்டேன்.

விறைப்பை உயர்த்துவது வடிவம். வெட்டுமுகத்தின் உயரத்தை 20 மி.மீ.யிலிருந்து 25 மி.மீ.க்கு உயர்த்தினால் விறைப்பு அதன் மும்மடியில் உயர்ந்து ஏறத்தாழ இரு மடங்காகிறது. கூடும் எடையை ஈடுகட்ட, நடு அச்சை ஒட்டிய பகுதியிலும் நுனிப்பக்கத்திலும் குழிவுகள் வெட்டி உலோகத்தைக் குறைத்தோம். உலோகம் 6061-டி651ஆகவே நின்றது. குழிவுகளை இரு பக்கமும் சமச்சீராக அமைத்ததால் வளைவுச் சிக்கலும் எழவில்லை.

பற்றும் விரல்

7075 தன் இடத்தைக் கண்டது இங்கேதான். விரலின் கழுத்து 1.2 மி.மீ. பருமனுள்ள மெல்லிய நெகிழ்பகுதி. அது ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிரவேண்டும். சில்லு சிக்கிக்கொண்ட நேரங்களில் 6061 விரல்கள் வளைந்து, திரும்பி வராமல் நின்றுவிட்டன. மேசையில் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் கழுத்து ஒருபக்கம் சாய்ந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. நிரந்தரமாக வளையாமல் இருக்கவேண்டும் என்பதே இங்கு தேவை என்பதால், யீல்டு வலிமை உண்மையாகவே முதன்மை பெறுகிறது.

ஆனால் 7075-டி6 குடும்பத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. தொடர்ந்து இழுவிசையில் இருக்கும் இடத்தில், ஈரப்பதமும் சேர்ந்தால், மெல்ல மெல்ல வெடிப்பு ஓடும். தகட்டின் பருமன் திசையில் இழுவிசை இருந்தால் இது மேலும் மோசம். பினாங்கின் காற்றில் ஈரப்பதத்துக்குக் குறைவில்லை, சோதனைக்கூடத்துக்கு வெளியே கிடங்கில் இருக்கும் நாள்களையும் சேர்த்தே எண்ணவேண்டும். பழைய வடிவமைப்பில் விரலின் துளையில் எஃகு புஷ் (உருளை வடிவ உறை) ஒன்று அழுத்திச் செருகப்பட்டிருந்தது. அந்த இறுக்கம் துளையைச் சுற்றி நிரந்தர இழுவிசையை உண்டாக்கும். இதற்குச் சரியான டெம்பர் டி7351. வலிமை 10 முதல் 15 விழுக்காடு குறைந்தாலும் இந்த வெடிப்பை நன்கு தாங்கும். அது உள்ளூர் விற்பனையாளரிடம் கையிருப்பில் இல்லை, வரவழைக்க வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். எனவே கிடைத்த 7075-டி651ஐ வைத்துக்கொண்டு இழுவிசையையே நீக்கினோம்: புஷ்ஷை அழுத்திச் செருகாமல், தளர்வான பொருத்தத்தில் விட்டு, ஒட்டுப்பசையால் நிலைநிறுத்தினோம்.

கெட்டி அனோடைசிங் பூச்சு நெகிழ்பகுதி மீண்டும் மீண்டும் வளைவதைத் தாங்கும் சோர்வு வலிமையைக் குறைக்கும் என்பதால், விரலுக்கு மெல்லிய சாதாரண அனோடைசிங் மட்டும் கொடுக்கப்பட்டது.

சூடேற்றும் தகடும் மூடியும்

அடித்தகட்டில் வார்ப்புத் தகடு வெற்றி பெற்றதும், ஒரே கொள்முதலாக இருக்கட்டுமே என்று சூடேற்றும் தகட்டையும் அதிலேயே செய்யலாமா என வாங்குதல் பிரிவு கேட்டது. வேண்டாம் என்றோம். 5083இல் மக்னீசியம் 4 விழுக்காட்டுக்கு மேல். 3 விழுக்காட்டுக்கு மேல் மக்னீசியம் கொண்ட இந்த வகை உலோகங்களை 65 டிகிரிக்கு மேல் நீண்ட காலம் வைத்திருந்தால் உலோகத்தின் நுண்படிக மணிகளின் எல்லையில் மக்னீசியம் மிகுந்த படிவுகள் சேர்ந்து, அரிப்பு எளிதாகிவிடும். இந்தத் தகடோ நாள்முழுதும் 125 டிகிரியில் வேலை செய்வது. வெப்பம் கடத்தும் திறனிலும் 6061-டி6 மீட்டருக்கு கெல்வினுக்கு 167 வாட் என்ற அளவில் இருக்க, 5083 சுமார் 120தான். தகடெங்கும் வெப்பம் சீராகப் பரவவேண்டிய இடத்தில் இது பெரிய வேறுபாடு. 6061-டி651 இங்கே உறுதியானது.

மூடிக்கு 2 மி.மீ. 6061-டி6 தகட்டை இறுக்கமாக மடித்தபோது மடிப்பின் வெளிப்புறத்தில் கீற்றுக் கீற்றாக வெடிப்பு தெரிந்தது. எளிதில் மடியும் கலவையான 5052-எச்32க்கு மாற்றியதும் நின்றது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அனோடைசிங்கில் எழுந்த சிறு தடங்கல்கள்

அடித்தகட்டில் நிலைநிறுத்தும் பின்களுக்கான 6 மி.மீ. துளைகளுக்கு எச்7 அளவு, அதாவது கூடுதல் 0.012 மி.மீ. வரை மட்டுமே அனுமதி. வரைபடம் 25 மைக்ரான் கெட்டி அனோடைசிங் கேட்டது. அந்தப் பூச்சில் ஏறத்தாழ பாதி உலோகத்துக்குள்ளும் பாதி வெளியேயும் வளர்வதால், துளையின் விட்டம் சுமார் 25 மைக்ரான் சுருங்கும். அனுமதியே 12 மைக்ரான். ஆகவே அந்தத் துளைகளை ரப்பர் அடைப்பான் போட்டு மூடி அனோடைசிங்குக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று.

இன்னொன்று நிறம். 5083இன் பூச்சு சாம்பல் நிறமாகவும், பக்கத்தில் மாட்டிய 6061 தாங்கிகளின் பூச்சு வேறு சாயலிலும் வந்தன. வாடிக்கையாளரின் தரப் பரிசோதகர் இதைக் குறையாகப் பதிவு செய்தார். இரண்டும் மூடிக்குள் மறைந்திருக்கும் பாகங்கள் என்பதாலும், பூச்சின் பருமனும் கடினத்தன்மையும் சரியாக இருந்ததாலும் எழுத்துப்பூர்வ விலக்கு பெறப்பட்டது. வெளியே தெரியும் பாகமாக இருந்திருந்தால் இது எளிதில் முடிந்திருக்காது. உலோகத்தை மாற்றும் எவரும் பூச்சின் நிறத்தை முன்கூட்டியே வாடிக்கையாளரிடம் பேசிவிடுவது நல்லது.

விளைவு

இரண்டாம் தொகுதி அடித்தகடுகள் பன்னிரண்டும் தேறின. இம்முறை அளவீடு, கழற்றி ஓர் இரவு விட்ட பிறகு கிரானைட் மேசையில் எடுக்கப்பட்டது. மிக அதிக விலகல் 0.04 மி.மீ. சில மாதங்கள் கழித்து வாடிக்கையாளர் தம் இடத்தில் இரண்டு தகடுகளைக் கழற்றி மீண்டும் அளந்தபோதும் மாற்றம் இல்லை. கையின் அதிர்வு அடங்கும் நேரம் இயந்திரத்தின் சுழற்சி நேரத்துக்குள் அடங்கியது. விரல்களில் நிரந்தர வளைவு இதுவரை பதிவாகவில்லை. வார்ப்புத் தகட்டின் விலை 6061ஐ விடக் கூடுதல்தான். ஆனால் முரட்டு வெட்டு, ஓய்வு, திருப்பிப் போடுதல் என்ற வேலைகள் குறைந்ததாலும் நிராகரிப்பு நின்றதாலும், ஒரு தகட்டுக்கான மொத்தச் செலவு முன்பைவிடக் குறைந்தது என்று உரிமையாளர் கணக்குக் காட்டினார்.

நடைமுறையில் மாறியவை

பட்டறை இப்போது விலைப்புள்ளி கொடுக்கும் நிலையிலேயே ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கேள்வியை வாடிக்கையாளருக்கு அனுப்புகிறது: இந்தப் பாகம் கெட்டுப்போனால் எப்படிக் கெட்டுப்போகும்? வளைந்தா, அதிர்ந்தா, முறிந்தா, அரித்தா, சூட்டில் தளர்ந்தா? பதில் வந்த பிறகே உலோகத்தின் பெயர் எழுதப்படுகிறது. கொள்முதல் ஆணையில் கலவை எண், டெம்பர், வடிவம், தரநிலை நான்கும் இல்லாமல் கையொப்பமிடுவதில்லை. சரக்கு வந்ததும், வாளில் ஏற்றுமுன், ஆலைச் சான்றிதழின் டெம்பர் வரி படித்துச் சரிபார்க்கப்படுகிறது.

வெட்டி மிஞ்சும் துண்டுகள் பற்றிய விதியை மூத்த மெஷினிஸ்டே கொண்டுவந்தார். அதுவரை எல்லா மிச்சத் துண்டுகளும் ஒரே அடுக்கில் கிடந்தன. அச்சிட்ட முனை வெட்டுப்பட்டுப் போனபின் எது டி6, எது டி651 என்று சொல்லப் பட்டறையில் உள்ள எந்தக் கருவியும் உதவாது. இப்போது அறுக்குமுன் மீதிப் பக்கத்தில் பெயிண்ட் பேனாவால் கலவை, டெம்பர், தொகுதி எண் எழுதப்படுகின்றன. எழுத்தில்லாத துண்டு ஜிக் (வேலைப் பாகத்தைப் பிடிக்கும் சட்டம்) செய்யவோ பழகுநர் பயிற்சிக்கோ மட்டும் போகும். அந்த இளம் ஆபரேட்டரிடம்தான் அடுக்கின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டுள்ளது. கழற்றும் நேரத்தில் டயல் கேஜ் வைத்துப் பார்க்கும் வழக்கமும் முதல் தகட்டுச் சோதனையில் ஒரு படியாகச் சேர்ந்துவிட்டது.

முடிவுக்கு வராத ஒன்று

அண்மைத் தொகுதியில், வெற்றிடக் காற்றுத் தடம் வெட்டப்பட்ட தகடு ஒன்றில் கசிவு தென்பட்டது. தடத்தின் பக்கச்சுவரில் ஊசிமுனையளவு துளை. வார்ப்பு உலோகத்தில் இத்தகைய நுண்துளை அரிதாக வருவதுண்டு, வெட்டித் திறந்தால்தான் தெரியும். பிசின் ஏற்றி அடைக்கலாம் என்று ஒரு கருத்து எழுந்தது. சில்லுக்கு அருகில் பிசின் ஆவியாகிப் படியும் அபாயத்தை வாடிக்கையாளர் ஏற்கவில்லை, அதை நானும் சரியென்றே கருதுகிறேன். வெற்றிடத் தடம் உள்ள அந்த ஒரு வகைத் தகட்டை மட்டும் 6061-டி651க்கு மாற்றி, குழிவுகளை இரு முகத்துக்கும் பகிர்ந்து வடிவமைக்க முடியுமா என்று வாடிக்கையாளரின் வடிவமைப்புக் குழு இப்போது ஆராய்ந்து வருகிறது. அதுவரை அந்தத் தகடுகள் ஒவ்வொன்றும் அனோடைசிங்குக்கு முன் கசிவுச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டே அனுப்பப்படுகின்றன.